ஒன்பதாவது சுற்று

நடனக் கூடத்தில் எட்டுச் சுற்று ஆட்டத்தின் ஐந்தாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. பியானோ முன் உட்கார்ந்திருந்த இஷ்பெல், அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த கணவன் டூகலின் முதுகைப் பார்த்தாள்.

மழையில் நிற்கும் மலைமாட்டின் முதுகு. எது விழுந்தாலும் உறைக்காது.

இன்னும் மூன்றே சுற்று. ஆட்டம் முடிந்ததும் அவள் எழுந்துகொள்வாள். வெளியே வேனில் இருக்கும் தன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை உனாவின் காரில் ஏறிவிடுவாள். உனா அதற்காகவே ஓபன் ஊரிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்து வாசலில் நிற்கிறாள்.

டூகலுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு எதுதான் தெரியும்?

மெட்டு தெரியும். முதல் பாதியை வாசிப்பான். அதையே மறுபடி வாசிப்பான். பிறகு இரண்டாம் பாதி; அதையும் மறுபடி. அது ஒரு சுற்று. நாட்டு நடனத்து மெட்டு என்றால் அப்படித்தான் இருக்கும், அதற்காக யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது.

மனிதன் சாப்பாட்டு மேஜையிலும் அப்படியே இருந்தால்?

"சூப் நல்லாருக்கு," என்பான். இரண்டு கரண்டி உள்ளே போனதும், "சூப் நல்லாருக்கு." அப்புறம் இரண்டாம் பாதி ஆரம்பிக்கும். "உப்புதான் கொஞ்சம் கம்மி." அவள் உப்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்த பிறகும், "உப்புதான் கொஞ்சம் கம்மி."

கல்யாணமான நாளிலிருந்து இதே சூப், இதே உப்பு. அவள் முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டு வந்தது அவனுக்குத் தெரியவில்லை. வெங்காயமே நறுக்காத ஒரு நாளில் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெரியவில்லை.

இன்று காலை பெட்டியை வேனின் மூலையில் வைத்து, அங்கே கிடந்த பச்சைக்கட்டம் போட்ட பழைய கம்பளியை இழுத்து மூடினாள். அப்புறம் அவன் வந்து வாத்தியங்களை ஏற்றினான். வாயில் சீட்டி வேறு.

இந்த மனிதனை ஏமாற்றுவதில்கூட ஒரு பெருமை இல்லை.

ஏழாவது சுற்று. மெட்டு மறுபடி மாறியது. ஒரே மெட்டை எட்டுத் தடவை கேட்டால் ஆடுகிறவர்களுக்கு அலுத்துவிடும், அதனால் நடுவில் வேறு வேறு மெட்டுகள் வரும். கடைசிச் சுற்றில் மட்டும், ஆட்டத்தைத் தொடங்கிவைத்த மெட்டுக்கே திரும்பிவிட வேண்டும். அது காதில் விழுந்ததுமே கூடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும், முடியப்போகிறது என்று.

அதில் டூகல் ஒருநாளும் தவறியதில்லை. எண்ணத் தெரிந்த மாடு.

இஷ்பெல் முதல் மெட்டின் சுருதியில் விரல்களை வைத்துக் காத்திருந்தாள்.

வரவில்லை. எட்டாவது சுற்றில் அவன் வேறொரு புது மெட்டுக்குப் போனான். அவளுடைய இடது கை ஒரு நொடி தடுமாறி, ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

ஆக, எண்ணவும் மறந்துவிட்டான். இனி அந்த ஆளிடம் என்ன மிச்சம்?

சுற்று முடிந்தது. நான்கு ஜோடிகளும் தலா இரண்டு முறை முன்னின்று ஆடி முடித்து, குனிந்து வணங்கத் தயாராக எதிரெதிரே நின்றார்கள். டூகல் நிறுத்தவில்லை. ஒன்பதாவது சுற்றுக்குள் நுழைந்துவிட்டான். முதல் ஜோடி ஒருவரையொருவர் பார்த்து முழித்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி ஆட ஆரம்பித்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு.

"ஏய் டூகல்! எண்ண மறந்துபோச்சா? எங்க முட்டிக்கு யாருப்பா பதில் சொல்றது?" என்று கத்தினாள் கசாப்புக்கடைக்காரர் மனைவி மிசஸ் மக்ராபி.

டிரம் வாசிக்கும் நீல் பியானோ பக்கம் சாய்ந்தான். "இஷ்பெல், என்ன ஆச்சு இவருக்கு?"

"வயசாச்சு," என்று அவனைப் பார்த்துத் திரும்பினாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

மெழுகு தேய்த்த மேடையில் நீலின் பெரிய டிரம் நழுவும். நழுவாமலிருக்க அடியில் எதையோ விரிப்பார்கள். இத்தனை வருஷமாக விரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது என்னவென்று அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

பச்சைக்கட்டம் போட்ட பழைய கம்பளி.

சாயங்காலம் டூகல்தான் வேனில் பெட்டிமேல் கிடந்த அதை எடுத்து வந்தான். முட்டி போட்டு, சுருக்கமெல்லாம் நீவி, வெகுநேரம் விரித்துக்கொண்டிருந்தான். "தரை வழுக்குது," என்றான்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அவள் கவனிக்கவில்லை.

வாசலில் உனா கார்ச் சாவியை உயர்த்திக் காட்டினாள். எவ்வளவு நேரம்டி, என்பது போல.

மலைமாட்டு முதுகு திரும்பவில்லை. சட்டை மட்டும் தோள்வரை நனைந்து ஒட்டியிருந்தது. ஒன்பதாவது சுற்றின் கடைசி வரிக்கு வந்தவன், மூச்சுகூட விடாமல் இன்னொரு மெட்டுக்குத் தாவினான். ஊரில் உள்ள மெட்டையெல்லாம் வாசித்துவிடுவான் போலிருந்தது, அந்த முதல் மெட்டு ஒன்றைத் தவிர.

"முட்டாள்," என்றாள் இஷ்பெல், அந்த முதுகைப் பார்த்து.

அவள் கை அதற்குள் புதுச் சுருதிக்குப் போயிருந்தது.

"முட்டாள்."