நாலு விரல் இடைவெளி

திண்டிவனம் பங்குக் கோயிலின் பின்புறம், ஜேசிபி தூக்கி வைத்த பழைய ஆஸ்டின் காரிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கோயில் பொன்விழாவில் ஊரார் ஆளுக்கொரு பொருளை உள்ளே வைத்து, ஐம்பது வருடம் கழித்துத் திறக்கவென்று புதைத்த கார். அதைக் குழிக்குள் ஓட்டி இறக்கியவர் டிரைவர் சவரிநாதன். வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் போட்டோவை வைத்துவிட்டு, “நாமளே வந்து எடுக்கலாம்” என்று மனைவி அருள்ராணியிடம் சிரித்தவர், அந்த மாதமே லாரி மோதிச் செத்தார். அப்போது வயிற்றிலிருந்த லூர்து பிரகாஷ் அப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. இப்போது கையை முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவுகிறான். போட்டோச் சட்டம் கையில் தட்டுப்படுகிறது. துடைக்கிறான். உள்ளே வெறும் வெள்ளைத் தாள். சட்டையால் மறுபடியும் துடைக்கிறான். “கண்ணாடியெல்லாம் ஏத்திட்டுதான பொதைச்சாங்க, தண்ணி எங்க பூந்துச்சு?” என்கிறார் ஜேசிபிக்காரர். டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் சற்று இறங்கியிருக்கிறது. அருள்ராணி குனிந்து பார்க்கிறாள். “உங்கப்பாரு வேலதான்டா. பீடிப் பொக போவணும்னு நாலு விரலு விட்டுத்தான் ஏத்துவாரு. எத்தினி வாட்டி கத்தியிருப்பேன்.” பிரகாஷ் அந்த இடைவெளிக்குள் கையைக் குறுக்காக நுழைக்கிறான். நாலு விரலும் சரியாக அடங்குகின்றன. உள்ளே சில்லென்று இருக்கிறது. பின்னால் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காலி டிரைவர் சீட்டைப் பார்த்துக் கடுகடுக்கிறாள்: “பீடியத் தூக்கிப் போட்டுட்டு கண்ணாடிய ஏத்துய்யா.” அங்கே யாரும் பீடி பிடிக்கவில்லை.