வாடகைப் புல்

கடைசி முளையை அடித்துவிட்டு கௌஸ் பாஷா நிமிர்ந்தபோது, மகள் ஜைபா ஏற்கெனவே மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

வெறுங்காலோடு. எப்போதும்போல.

மைதானம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். சூளகிரிக்கு வெளியே, ஹைவேயை ஒட்டி, கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற பொட்டல். அதன்மேல் பாயின் கல்யாணப் பந்தல் கார்பெட்டுகள் விளிம்போடு விளிம்பு ஏறி, பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தன.

"பாய், ஒரு சுருக்கம் தெரியக் கூடாது. மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரன்," என்றான் தீர்த்தகிரி.

தீர்த்தகிரி கால்பந்துச் சங்கத்துச் செயலாளர். உலகத்துக் கால்பந்துக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கிற பெரிய சபை ஒன்று, இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் விளையாடட்டும் என்று என்றைக்கோ பணம் அனுப்பிவிட்டது. புல்லுக்குத் தனியாக, விளக்குக்குத் தனியாக, ரோட்டோரச் சுற்றுவேலிக்குத் தனியாக. வருகிற வழியில் ஆளாளுக்குக் கிள்ளிக்கொண்டது போக, பொட்டலுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெயர்ப் பலகை.

இன்றைக்கு அந்தச் சபையிலிருந்தே ஒருவர் பார்வையிட வருகிறார். அவர்தான் மாப்பிள்ளை.

தீர்த்தகிரிக்கு பாயை அடையாளம் தெரியவில்லை. ஒரே ஒரு தரம், கூட்டம் நிறைந்த ஒரு வீட்டில் பார்த்த முகம். கம்மியான வாடகைக்கு வருகிற பந்தல்காரர் என்று யாரோ சொல்லிக் கூப்பிட்டிருந்தான்.

காலையில் மனைவி தில்ஷாத் டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள், இந்த வேலைக்குப் போக எப்படி மனசு வந்தது என்று. வேலைக்கா போகிறேன் என்றார் இவர். அந்த மனுஷன் கார்பெட் மேல் வந்து நிற்கும்போது ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டத்தான் போகிறேன். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவருக்கு இங்கே நடப்பது எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தால் கேட்பார். கேட்டால் வேலியாவது வரும்.

தில்ஷாத் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

அப்புறம், தூக்குகிற கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஆட்டக்காரிகள் என்று நிறுத்தியிருந்தது கம்பெனி ஹாஸ்டல் பிள்ளைகளை. ஷிப்டிலிருந்து அப்படியே வேனில் ஏற்றிவந்து புதுச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். கோல் கம்பத்தடியில் நின்ற சுப்ரியா, பந்தைக் கையால் பிடிக்கலாமா கூடாதா என்று தீர்த்தகிரியிடமே கேட்டாள். அப்படியே, சாப்பாடு பிரியாணிதானே என்றும் கேட்டாள். பச்சைக் கார்பெட்டைப் பார்த்ததிலிருந்து பந்தி ஞாபகமாகவே இருக்கிறதாம். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜைபாவுக்குச் சட்டை தரவில்லை. பந்தையும் யாரும் அவள் பக்கம் தள்ளவில்லை. அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

பாய்க்கு அது பொறுக்கவில்லை.

பெங்களூரிலிருந்து கார் வந்தது. விருந்தாளி இறங்கியதும் சந்தன மாலை போட்டார்கள். அந்தச் சந்தடியில் தீர்த்தகிரி ஒரு பையைக் கார் டிக்கியில் வைத்தான். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரிதான் இருந்தது. தூக்கத்தான் இரண்டு கை வேண்டியிருந்தது. பெரிய சபைக்குத் தேர்தல் வருகிறது, நம் ஆட்கள் ஓட்டில்லாமல் ஒருத்தரும் மேலே வர முடியாது என்று அவன் முன்பே பெருமை அடித்திருந்தான். பாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்தவருக்குச் செய்கிற மரியாதை என்றுதான் பையையும் நினைத்தார்.

விருந்தாளி நடந்து வந்து, கார்பெட் ஓரத்தில் போட்டோவுக்கு நின்றார்.

முளையைச் சரிபார்க்கிற மாதிரி கௌஸ் பாஷா குனிந்தார். பிடுங்கினார். ஓரத்தைத் தூக்கினார்.

கீழே கல். முள். உடைந்த பாட்டில். கார்பெட்டின் அடிப்பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் கௌஸ் பந்தல் என்ற எழுத்து, வேறு பந்தல்காரரோடு மாறிப்போகாமல் இருக்க அவரே எழுதியது. பக்கத்திலேயே, பேரிகை ஊர்க் கல்யாணத்தில் யாரோ கொட்டிய குழம்பின் கறை.

விருந்தாளி பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கல்லைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், பாயின் முகத்தைப் பார்த்தார்.

அவர் முகத்தில் ஆச்சரியம் என்பது துளிகூட இல்லை.

பளபளவென்றிருந்த ஷூவின் முனையால் அந்த ஓரத்தை மெல்லத் தள்ளி மூடினார். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி. பிறகு அதன்மேலேயே ஏறி நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

கை நடுங்கவில்லை. தில்ஷாத்திடம் போய் அதையாவது சொல்லலாம்.

அந்த நேரம் பார்த்து எந்தப் பிள்ளையோ பந்தை ஓங்கி உதைத்தது. பந்து கார்பெட்டைத் தாண்டி, கல்லில் பட்டு எகிறி, வேலி இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, ஹைவேயைப் பார்த்து உருண்டது.

ஹாஸ்டல் பிள்ளைகள் கார்பெட் விளிம்பிலேயே நின்று, நீ போ, நீ போ என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.

"போவாத கண்ணு," என்றார் கௌஸ் பாஷா.

யாரைச் சொல்கிறீர்கள் பாய், எல்லாப் பிள்ளைகளும் இங்கேதானே நிற்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே திரும்பினான் தீர்த்தகிரி. திரும்பியவன் அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தான். சங்கத்தின் சார்பில் துக்கம் கேட்கப் போன வீட்டில் பார்த்த முகம்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. லாரி கடந்து போனது.

எல்லாப் பிள்ளைகளும் நின்றார்கள்தான்.

ஜைபா மட்டும் நிற்கவில்லை. அன்றைக்கும் அவள் நிற்கவில்லை.