ஜெர்மன் ஏறவில்லை

ஷீபாவின் தலையில் ஜெர்மன் மொழி ஏற மறுத்தது. எத்தனை முறை ஏற்றினாலும் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குச் சேர வேண்டும். கணவன் ஜெபராஜ் அவளை நாகர்கோவில் மூளை சர்வீஸ் சென்டருக்கு அழைத்துவந்தான்.

"ஜெர்மன் உக்கார வேண்டிய எடத்துல ஏற்கெனவே ஒரு பேக்கேஜ் இருக்கு சார். ரெண்டும் முட்டிக்கிடுது," என்றான் டெக்னீஷியன் தாமஸ், திரையைப் பார்த்தபடி. "'அமைதி'ன்னு பேரு. பழைய வெர்ஷன்."

"அப்படி ஒண்ணு போட்டதா ஞாபகமே இல்லையே," என்றாள் ஷீபா நாற்காலியில் சாய்ந்தவாறே.

"ஏதாவது ஆஃபர்ல கூடவே வந்திருக்கும். அதைத் தூக்கிட்டு ஜெர்மனைப் போடுங்க," என்றான் ஜெபராஜ். போனில் வேண்டாத ஆப்களை அழிப்பதுபோலத்தான் அவனுக்கு அது.

தாமஸ் அழித்தான்.

ஷீபா கண்ணைத் திறந்தாள். சட்டென்று எழுந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, ஜெமி எங்க? பிள்ளைய கடல்ல தனியா விட்டுட்டா வந்தீங்க?"

ஜெபராஜுக்குச் சங்கடமாகப் போயிற்று. "எந்தப் பிள்ளை? நமக்குத்தான் பிள்ளையே கெடையாதே," என்றான். பிறகு தாமஸிடம் திரும்பினான். "தம்பி, எதையோ தப்பா அழிச்சிட்டீங்க."

தாமஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'அமைதி'யின் பழைய பதிவைத் திறந்து படித்தான்.

"சார், இதை ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு ஏத்தியிருக்காங்க. இன்னொரு பேரு உங்களுது."