சம்பந்தி வீட்டுக் கிருமி

“கிருமி, சம்பந்தி, கிருமி! உங்க விருந்துல கிருமி பூந்துடுச்சு!”

ஆம்பூரின் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் இஷ்தியாக் அகமதுவின் குரல் எல்லாக் கட்டிலுக்கும் கேட்டது. கட்டில்களில் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், கையில் குளுக்கோஸ் ஏற, வயிற்றைப் பிடித்தபடி கிடந்தார்கள்.

இஷ்தியாக், மாப்பிள்ளையின் அப்பா. ஷூ கம்பெனி முதலாளி. கொரோனா சமயத்தில் கம்பெனி வாசலில் சானிடைசர் பாட்டில் வைத்த நாளிலிருந்து, கிருமிகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருடைய திடமான எண்ணம்.

எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பெண்ணின் அப்பா அப்துல் வஹாப்.

“தம் போட்ட பிரியாணி பாய். அந்தச் சூட்டுல எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? ஜனங்க கொஞ்சம் ஜாஸ்தி சாப்பிட்டாங்க. தூக்கம் கம்மி, மேல மேல கூல்டிரிங்ஸ் வேற. வயிறு இன்னா பண்ணும்?”

“நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? ஜாஸ்தி சாப்பிட்டா ஏப்பம் வரும். இத்தனை பேருக்கு ஒண்ணா பேதி வருமா? எல்லா நோய்க்கும் மூலம் கிருமிதான். சயின்ஸ் தெரியாம பேசாதீங்க.”

“என் கண்ணுல ஒரு கிருமியும் படலியே பாய்...”

“படாது. அதுக்குப் படிப்பு வேணும்!”

கட்டிலில் கிடந்த மச்சான் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே எழுந்து கழிவறைக்கு ஓடினார்.

இஷ்தியாக் தீர்ப்பைச் சொன்னார். “ஜமாத் பெரியவங்க முன்னாடி நீங்க மன்னிப்பு கேக்கணும். அது வரைக்கும் உங்க பொண்ணு லுப்னாவ உங்க வீட்டுக்கே அனுப்பிடறேன்.”

வஹாப் இஷ்தியாக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் கையில் மருதாணிகூட இன்னும் மங்கவில்லை.

“எங்க வேணாலும் கேக்கறேன் பாய். பொண்ண மட்டும் அனுப்பிடாதீங்க.”

அப்போது டாக்டர் சோபனா வந்தார். “சார் சொல்றது சரிதான். இது கிருமியோட வேலைதான்.”

இஷ்தியாக்கின் மார்பு விரிந்தது. “கேட்டுக்குங்க சம்பந்தி! எந்தச் சட்டியிலேர்ந்து வந்துச்சுன்னும் சத்தமா சொல்லுங்க டாக்டர். எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“இங்க இருக்கறவங்க, கூட வந்தவங்க, ஒவ்வொருத்தரையும் விசாரிச்சுட்டேன் சார். பொண்ணு வீட்டு நிக்காஹ் விருந்து மட்டும் சாப்பிட்டவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. மறுநாள் உங்க வீட்டு வலீமா விருந்துல தயிர்ப் பச்சடி சாப்பிட்டவங்கதான் இங்க படுத்திருக்காங்க.”

எல்லாக் கட்டிலும் இஷ்தியாக்கைப் பார்த்தது.

அவர் ஒருமுறை கனைத்துக்கொண்டார். வஹாபின் தோளில் வாஞ்சையோடு கையைப் போட்டு, “லுப்னா எங்கயும் போகல சம்பந்தி” என்றார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

“கிருமியாவது, ஒண்ணாவது! நம்ம சம்பந்தி அப்பவே சொன்னாரு டாக்டர்... இந்த ஜனங்களுக்கு வாயைக் கட்டத் தெரியல!”