அந்தப் பொண்ணு என்ன சொல்றா?

மாடி வீட்டின் கூடத்தில் மாலை வெயில் லேப்டாப் திரையில் பாதியை அழித்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய இலக்கியமும் சினிமாவும் படிக்கும் வைஷு, நாளைய வகுப்புக்காக ஒரே காட்சியை ஏழாவது முறை ஓடவிட்டுக் குறிப்பெடுக்கிறாள். திரையில் ஒரு சமையலறை, சொட்டுகிற குழாய், ரொட்டி நறுக்கும் கிழவர், கதவோரம் நின்று ஏதோ சொல்லும் அவர் மகள். பக்கத்தில் அப்பா மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு பட்டாணி உரிக்கிறார். பச்சை மணிகள் ஒவ்வொன்றாக விழுந்து உருண்டு ஓரத்தில் போய் நிற்கின்றன. “அந்தப் பொண்ணு என்ன சொல்றா?” என்று கேட்கிறார். ‘நான் போகிறேன் அப்பா, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்’ என்கிறாள் திரையில் அந்த மகள், ஸ்பானிய மொழியில். வைஷுவின் நோட்டுக்குள், மாட்ரிட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் நான்கு நாளாக மடித்தபடியே கிடக்கிறது. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. “சாப்பிட வாங்கோன்னு கூப்பிடறாப்பா.” அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிகிறார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டு அடங்குகிறது. “கையில பெட்டியை வச்சுண்டா?” என்கிறார். அடுத்த பட்டாணியை எடுக்கிறார். உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.