இன்னும் கொஞ்சம்தான் பாக்கி

குளியலறைக் கதவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள் அறையில் கம்ப்யூட்டரின் இரைச்சல் இல்லை.

"மறுபடியும் அணைச்சிட்டீங்களா?" ஈரத்தலையோடு கூடத்துக்கு ஓடிவந்தாள்.

கணவர் சுவரைத் தடவிக் கூடத்து விளக்கையும் அணைத்துக்கொண்டிருந்தார். "ஆளில்லாத ரூம்ல அது எதுக்கு ஓடணும்? கரண்ட் என்ன சும்மாவா வருது?"

"சரி, கூடத்துல நான் இருக்கேன்ல? இந்த விளக்கையாவது விட்டு வைங்களேன்."

"விளக்கு எரிஞ்சா மட்டும் என்ன ஆகிடப்போகுது?"

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனிதர் இப்படித்தான் ஆகிவிட்டார். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஸ்விட்சுகளை அணைப்பதே பிழைப்பு. அவரோடு மல்லுக்கட்ட நேரமில்லாமல், அவள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

பார்வையில்லாதவர்களுக்காக அவள் கதைகளை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்பவள். அந்தப் பதிவு அவள் கம்ப்யூட்டரிலிருந்து கேட்பவரின் போனுக்கு நேராகப் போகும். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். ஆனால் அவள் கடைசியாகப் படித்த கடல் பயணக் கதை புதியது. இப்போதைக்கு அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

அதை ஒரே ஒருவர் தன் போனில் இறக்கிக்கொண்டிருந்தார். யாரோ, எவரோ. திரையில் ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். அது ஆமை மாதிரி ஊர்ந்து முடியப்போகும் நேரமாகப் பார்த்துக் கணவரின் கை ஸ்விட்சுக்குப் போய்விடும்.

"எடுக்கறவங்க முடிக்கிற வரைக்கும் அணைக்காம இருக்கறதுதான்க்கா மரியாதை. பாதியில நின்னா பாவம், தவிச்சுப்போயிடுவாங்க." இப்படிக் கதை படித்துக் கொடுப்பவர்களின் குழுவை நடத்தும் பெண் போனில் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் அறைக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் கெஞ்சிப் பார்த்தாள். "இங்க பாருங்க, ஸ்கிரீனை அணைச்சு வைக்கிறேன். ஃபேன்கூட வேணாம், புழுக்கத்துலயே இருந்துக்கறேன். அந்தப் பெட்டி மட்டும் ஓடட்டும். கண்ணு தெரியாத ஒருத்தர் இதுக்காகக் காத்துட்டிருக்கார்."

அவர் ஸ்விட்சுப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டார். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். முறைத்துக்கொண்டால் அவருக்கு அங்கேதான் போக்கிடம்.

அவள் மனசு கேட்காமல் ஸ்கிரீனைப் போட்டுப் பார்த்தாள். கோடு நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை. இன்னும் ஒரு நூல். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோடு நிறைந்தது.

"பதிவு முழுமையாக இறங்கிவிட்டது" என்றது ஒரு இயந்திரக் குரல், பால்கனியிலிருந்து.

அடுத்த நொடி அவளுடைய குரலே அங்கிருந்து கேட்டது. கடல் பயணக் கதையின் முதல் வரியை நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது.

அவள் போய்ப் பார்த்தபோது, அவர் சத்தத்தைக் குறைத்துப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுப் பதறி அதை நிறுத்தினார்.

"தினமும் அனுப்பறவன் எவனோ பாதியில விட்டுட்டுப் போறான், மரியாதை தெரியாதவன்னு திட்டிக்கிட்டிருந்தேன்," என்றார் மெல்ல. "அது நான்தானா?"

அவளுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று புரியவில்லை. "ஏங்க, இந்தக் கதையைக் கேட்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? பக்கத்துல உட்கார்ந்து நானே படிச்சுக் காட்டியிருப்பேனே?"

அவர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். பார்வை அவள் முகத்தைத் தேடி, தோளுக்கு மேலே எங்கேயோ போய் நின்றது.

"கேட்டா, கண்ணு போயிட்டிருக்குன்னு சொல்லணுமே."