எல் என்னும் எழுத்து

காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறேன். ஒன்பது நாள் மகளுக்கு ஆட்டுப்பால் புகட்டுகிறேன். அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு துறைமுக நகரான ஓஸ்தியாவின் கல்தச்சர் பட்டறைக்கு வருகிறேன். வெயிலில் பளிங்குத் தூள் மிதக்கிறது. இறந்த என் மனைவி ஹெலிகேயின் பெயரைக் கல்லறைக் கல்லில் வெட்டி முடித்த தச்சர் நோவியுஸ் உளியை நிறுத்துகிறார். "அடிமைன்னா எஸ், விட்டுட்டாங்கன்னா எல். எது தம்பி?" விடுதலையானவளைச் சொல்லும் லிபெர்தா என்ற சொல் தனியே நிற்காது, யாருடைய லிபெர்தா என்று எசமான் பெயர் முன்னால் வரவேண்டும். "வெட்டியுஸோட லிபெர்தா," என்கிறேன். "செத்தும் அந்தாளு பேரைச் சுமக்கணுமாக்கும்! எப்ப விட்டாரு?" "பிரசவத்தன்னிக்கு." "புள்ள பொறக்கறதுக்கு முந்தியா, பிந்தியா?" பிந்தி என்றால் மகள் வெட்டியுஸின் அடிமை. அவருடைய காரியஸ்தன் பட்டறை வாசலில் நின்று காது கொடுக்கிறான். மகள் என் விரலை இறுகப் பிடித்திருக்கிறாள். அன்று கதவுக்கு வெளியே அவளை விடுவிப்பதாகச் சொன்ன எசமானின் குரலும் உள்ளே குழந்தையின் அழுகையும் ஒன்றாகவே கேட்டன. உயிர் பிரியும் முன் ஹெலிகேயும் இதைத்தான் கேட்டாள். "அவரு சொன்னது முதல்லயா, இவ அழுதது முதல்லயா?"